மண்சுவர் அப்பு

போன கிழமை வீட்டில் ஒரு படம் மாட்ட வெளிக்கிட்டேன். சுவரில் ஆணியை வைத்து ஒரு அடி அடித்ததுதான், ஆணி முழுதாக உள்ளே போய்விட்டது. பார்சிப்பனியில் நாங்கள் குடியிருக்கிற வீடுகளின் சுவர் அப்படித்தான். மரச்சட்டம், அதன் மேல் ஜிப்சம் பலகை, நடுவில் வெற்றிடம். சட்டம் எங்கே இருக்கிறது என்று தட்டிப் பார்த்துத்தான் ஆணி அடிக்க வேண்டும். பக்கத்தில் நின்ற மகள் சிரித்தாள். "அப்பா, உங்கட ஊர் வீடும் இப்பிடியோ?" என்று கேட்டாள்.

"நாங்கள் மூன்று வருசம் இருந்த வீட்டின்ர சுவர் மண்" என்றேன்.

"மண்ணெண்டால்... சேறா?"

பதில் சொல்ல முன்னர் ஓடிவிட்டாள். அவளுக்குச் சொல்லாத பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் எங்கள் ஊரான பார்சிப்பனியில் இருந்தே தொடங்குகிறேன். பத்தாம் இலக்க நெடுஞ்சாலையில் போகிறவர்கள் கிராஃப்ற்ஸ்மன் ஃபாம்ஸ் என்ற பலகையைக் கண்டிருப்பீர்கள். கடைக்கும் வேலைக்கும் போகிற அவசரத்தில் நானும் பல வருசம் அதைத் தாண்டித்தான் போனேன். உள்ளே ஒரு பெரிய மரவீடு நிற்கிறது. கஸ்ரவ் ஸ்ரிக்லி என்ற தளபாடக்காரர் 1908இல் அங்கே காணி வாங்கத் தொடங்கி, அந்தக் காணியிலேயே நின்ற செஸ்நட் மரங்களையும் அங்கேயே கிடந்த கற்களையும் கொண்டு கட்டிய வீடு அது. 1911இல் குடிபுகுந்தார். இங்கிலாந்தின் வில்லியம் மொரிஸ் அவருக்குக் குரு மாதிரி. 1901இல் அவர் தொடங்கிய 'த கிராஃப்ற்ஸ்மன்' சஞ்சிகையின் முதல் இதழே மொரிஸைப் பற்றியதுதான். இயந்திரம் கக்குகிற மலிவுச் சாமானை விடக் கைவினைஞன் நேர்மையாகச் செய்த ஒரு நாற்காலி மேல் என்பது அவர்களுடைய கொள்கை.

கொள்கை நல்லதுதான், ஆனால் வியாபாரம் படுத்துவிட்டது. 1915இல் ஸ்ரிக்லி வங்குரோத்து. 1917இல் காணி கைமாறியது. பிற்காலத்தில் அந்த இடத்தில் வரிசை வீடுகள் கட்ட ஒரு திட்டம் வந்தபோது, ஊர்ச்சனம் எழும்பி நின்று தடுத்தது. 1989இல் பார்சிப்பனி நகரசபையே காணியை வாங்கிக் காப்பாற்றியது. அடுத்த வருடம் அது தேசிய வரலாற்றுச் சின்னமானது. இன்று நூதனசாலை.

அந்த வீட்டைச் சுற்றிப் பார்த்தபோது எனக்கு இரண்டு யோசனை வந்தது. ஒன்று, அதே வீட்டை அதே மாதிரி இன்றைக்குக் கட்ட முடியாது. 1904இல் நியூ யோர்க்கில் முதலில் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு பூஞ்சண நோய் சில பத்தாண்டுகளில் அமெரிக்கச் செஸ்நட் காடுகளையே அழித்துவிட்டது. வீடு இருக்கிறது, மரம் இல்லை. மற்றது, எங்கள் ஊரில் கதை நேர் எதிர். அங்கே மண் அப்படியே கிடக்கிறது. அதை வீடாக்கத் தெரிந்த கைகள்தான் போய்க்கொண்டிருக்கின்றன.

மொரிஸின் இன்னொரு சீடர் எங்கள் ஆள். ஆனந்த குமாரசுவாமி. 1877இல் கொழும்பில் பிறந்தவர். தகப்பன் சேர் முத்து குமாரசுவாமி. ஆனந்த குமாரசுவாமி கலைக்காரராக இலங்கைக்குத் திரும்பவில்லை, மண்ணையும் கல்லையும் ஆராயும் புவியியலாளராகத்தான் வந்தார். இலங்கையின் கனிப்பொருள் அளவையின் பணிப்பாளராக ஊர் ஊராகத் திரிந்தபோது, மண்ணைத் தேடிப் போன மனிதர் அந்த மண்ணில் வேலை செய்கிற கைவினைஞர்களைக் கண்டுகொண்டார். கண்டிப் பிரதேசத்துக் கைவினைகளைப் பற்றிய அவருடைய பெரிய நூல் 1908இல் வந்தது. மொரிஸ் பாவித்த அதே அச்சியந்திரத்தில் அச்சடிக்கப்பட்டது. அதற்கான புகைப்படங்கள் பலவற்றை எடுத்தவர் அவருடைய மனைவி எதெல். பிறகு குமாரசுவாமி அமெரிக்கா வந்து பொஸ்ரன் நுண்கலை நூதனசாலையில் சேர்ந்தார். அது 1917. இங்கே ஸ்ரிக்லியின் காணி கைமாறிய அதே வருடம்!

கைவினைஞனுக்கு வேலையும் மதிப்பும் இல்லாமல் போனால் கைவினை போய்விடும், பிறகு பொருளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பார்த்துப் பயனில்லை. குமாரசுவாமியிடம் நான் கற்றது இதுதான். அவரை வாசித்தபோதெல்லாம் எனக்கு ஒரேயொரு மனிதர்தான் நினைவுக்கு வந்தார். அவர் ஒரு கண்ணாடிப் பெட்டியிலும் இல்லை.

*

1995 ஒக்டோபர் 30. வலிகாமம் முழுதும் ஒரே இரவில் வெளிக்கிட்ட கதையைப் பலர் எழுதிவிட்டார்கள், நான் திரும்ப எழுதவில்லை. தென்மராட்சியில் கொஞ்சக் காலம், பிறகு கிளாலிக் கடலால் வன்னி. 1996இல் மல்லாவிப் பக்கம் ஒரு காட்டுக்கரைக் காணியில் வந்து இறங்கினோம். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. தறப்பாளுக்குக் கீழே அம்மா, ஐயா, சித்தி, நான், தங்கச்சி.

ஐயாவுக்குச் சுவர் என்றால் சீமெந்துச் சுவர்தான். அதிலே ஒரு நியாயம் உண்டு. எங்களுடைய காங்கேசன்துறையிலேயே 1950 முதல் சீமெந்துத் தொழிற்சாலை ஓடியது. சுண்ணாம்புக் கல்லுக்கு மேலேதானே யாழ்ப்பாணமே இருக்கிறது! அதற்கு முதல் சுண்ணாம்புச் சாந்தால் கட்டிய கல்வீடுகள் இருந்தன. மலாயாவில் உத்தியோகம் பார்த்துப் பென்சனோடு வந்தவர்கள் கட்டிய நாற்சார் வீடுகள் இப்போதும் சில நிற்கின்றன. மண்ணால் எழுப்பிய வீட்டில் இருந்தவர்கள் ஏழைகள், அல்லது ஊர் ஒதுக்கி வைத்தவர்கள். மண்வீடு என்ற சொல்லுக்குள்ளேயே ஒரு இளக்காரம் இருந்தது. இதை மறைத்துவிட்டு 'அந்தக் காலத்து மண்வீடு என்ன அழகு' என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் போர் எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது. 1990இல் தொழிற்சாலை மூடப்பட்டது. அதோடு பொருளாதாரத் தடை. தடைசெய்த பொருள்களின் பட்டியலில் சீமெந்தும் இருந்தது. வன்னிக்குள் ஒரு பை சீமெந்து என்பது பவுன் மாதிரி. கலாசாலையில் படித்தவர், கந்தோரில் வேலை செய்தவர், கல்வீட்டுக்காரர் எல்லாருக்கும் காலுக்குக் கீழே இருந்த மண் ஒன்றுதான் மிச்சம். ஆனால் அதை என்ன செய்வது என்று தெரியவில்லை. ஐயா தானாக ஒரு சுவர் வைத்தார். நாலாம் நாள் வெடித்தது. முதல் மழைக்குப் படுத்துவிட்டது.

அப்போதுதான் அவர் வந்தார். பக்கத்துக் காணிக்காரர் கூட்டிக்கொண்டு வந்த ஒரு கிழவர். மெலிந்த கறுத்த உடம்பு, இடுப்பில் ஒரு துண்டு, தோளில் மண்வெட்டி. எல்லாரும் 'அப்பு' என்று கூப்பிட்டார்கள், நாங்களும் அப்படியே கூப்பிட்டோம்.

விழுந்த சுவரை அவர் பார்த்த விதம் இன்னும் நினைவிருக்கிறது. சிரிக்கவில்லை. ஒரு கட்டியை எடுத்து உடைத்து, விரலுக்கிடையில் தேய்த்துப் பார்த்துவிட்டு, "களி கூடிப்போச்சு. மணல் காணாது" என்றார். பிறகு காணியில் நாலு இடத்தில் மண் எடுத்து, ஒவ்வொன்றையும் நனைத்து எலுமிச்சங்காய் அளவு உருட்டி, இடுப்பு உயரத்தில் இருந்து கீழே போட்டார். ஒன்று தட்டையாக நசிந்தது, ஒன்று தூளாகச் சிதறியது. ஒன்று இரண்டு மூன்று துண்டாக மட்டும் உடைந்தது. "இது" என்றார். ஆய்வுகூடம் அவ்வளவுதான்.

மண் குழைப்பது என் வேலை. குழியில் மண்ணைப் போட்டு, தண்ணீர் விட்டு, வெட்டிய வைக்கோலைத் தூவி, காலால் மிதிக்க வேண்டும். புற்றுமண்ணும் கொஞ்சம் சேர்த்தார். ஒரு இரவு ஊறவிட்டு அடுத்த நாளும் மிதிக்கச் சொன்னார். "தம்பி, மிதிக்கேக்கை சத்தம் மாறும். அதுவரைக்கும் நிப்பாட்டாதை" என்றார். உண்மையாகவே மாறியது. தொடக்கத்தில் சளக் சளக் என்ற மண், கடைசியில் காலைப் பிடித்து இழுத்து 'ப்ளப்' என்று விட்டது. பதின்மூன்று வயதில் எனக்கு அது விளையாட்டு. அது ஒரு அளவுகோல் என்று பிறகுதான் விளங்கியது.

சுவரை ஒரே நாளில் எழுப்ப விடமாட்டார். சுற்றிவர ஒரு முழ உயரம், அத்தோடு நிற்பாட்டு. காய வேண்டும். கீழே இருக்கிறது இறுகாமல் மேலே பாரம் ஏற்றினால் வயிறு தள்ளும். அடுத்த வரிக்கு முதல் மேற்பரப்பைக் கீறி நனைக்க வேண்டும். மழைத்தண்ணீர் தெறித்து அடிச்சுவரைத் தின்னாமல் இருக்க முதலில் உயரமாக ஒரு குந்து. கூரை சுவரைத் தாண்டி நன்றாக வெளியே வர வேண்டும். கூரைக்கு இலுக்குப் புல். ஐயாவின் சுவருக்கு இவை ஒன்றுமே இருக்கவில்லை.

சுவர் எழும்பியதும் அப்பு ஒதுங்கிவிட்டார். "இனி பொம்பிளையளின்ரை வேலை" என்றார். பூச்சும் மெழுக்கும் சித்தியின் கையில். சாணியும் நல்ல மண்ணும் கரைத்து, உள்ளங்கையால் அரைவட்டம் அரைவட்டமாக இழுத்து மெழுகுவார். தைப்பொங்கலுக்கு முதல், வருசப்பிறப்புக்கு முதல் என்று திரும்பத் திரும்ப. வெடித்த இடம் அடைபடும், கறையான் ஏறிய இடம் கண்ணில் படும். கூலி இல்லாத, பெயர் இல்லாத ஒரு பராமரிப்பு வேலை அது. வீடு நின்றது அதனால்தான்.

நல்ல வெயிலிலும் உள்ளே குளிர்ந்த அந்த வீட்டில் நான் மூன்று வருசம் படித்தேன். பிறகு நான் வெளிநாடு வந்துவிட்டேன். சித்தி அங்கேயே கலியாணம் கட்டி அந்த வீட்டிலேயே இருந்தார்.

*

வளர்ந்த நாடுகளில் சீமெந்து, வறிய நாடுகளில் மண் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அமெரிக்காவுக்கு வந்த பிறகுதான் அது பிழை என்று தெரிந்தது. இதே நியூ ஜேர்சியின் வடபகுதியில் டச்சுக் குடியேறிகளின் பரம்பரையினர் 1700களில் கட்டிய பழைய கல்வீடுகள் இருக்கின்றன. அவற்றின் கல்லுக்கு இடையில் வைத்த சாந்து களிமண்ணும் வைக்கோலும் கலந்தது. சான் பிரான்சிஸ்கோவின் மிஷன் டொலோரஸ் தேவாலயம் 1791இல் முடிந்த மண்கல் கட்டடம். 1906இல் பூமி அதிர்ந்து நகரமே எரிந்தபோதும் அது நின்றது.

எனக்கு மறக்க முடியாத கதை நியூ மெக்சிக்கோவில் ராஞ்சோஸ் டி தாவோஸ் என்ற ஊரின் தேவாலயம். இருநூறு வருசப் பழைய மண்கட்டடம். வருடா வருடம் ஊர்ச்சனம் கூடி மண் குழைத்துப் பூசுவது வழக்கம். பூசுவதில் பேர்போனவர்கள் அங்கேயும் பெண்கள்தான். இந்த வருடாந்த வேலை ஏன் என்று நினைத்து, 1967இல் அதற்குக் கெட்டியான சீமெந்துப் பூச்சுப் பூசினார்கள். 'இனிக் கவலை இல்லை' என்று நினைத்திருப்பார்கள். மண் ஈரத்தை வாங்கும், வெயிலுக்கு விடும். சீமெந்து விடாது. சின்ன வெடிப்பால் தண்ணீர் உள்ளே போனது, வெளியே வர வழியில்லை. பார்வைக்கு மினுக்கமான சுவர் உள்ளுக்குள் உக்கிக் கரைந்தது. 1979இல் ஊரே கூடிச் சீமெந்தை உரித்தெடுத்துவிட்டுத் திரும்பவும் மண் பூசியது. இன்றுவரை பூசுகிறார்கள்.

வெறும் பன்னிரண்டு வருசம்தான் இடைவெளி. அதனால் மண் குழைக்கத் தெரிந்த கிழவர்களும் பூசத் தெரிந்த கிழவிகளும் ஊரில் இருந்தார்கள். இன்னும் ஒரு தலைமுறை பிந்தியிருந்தால்? உரித்தெடுத்திருக்கலாம், திரும்பப் பூச யார்?

எகிப்துக் கதை எங்களுக்கு இன்னும் கிட்ட. ஹசன் ஃபாத்தி என்ற கட்டடக்கலைஞர் 1940களில் ஏழைகளுக்கு மண்கல்லால் வீடு கட்ட முயன்றார். சுவர் சரி, கூரைக்கு மரம் வாங்க ஏழையிடம் காசில்லை. மண்கல்லாலேயே வளைகூரை எழுப்பினார், இடிந்து விழுந்தது. பிறகு தெற்கே அஸ்வானுக்குப் போய்ப் பார்த்தால், படிக்காத நூபியக் கொத்தர்கள் ஒரு தாங்குமரமும் இல்லாமல், கல்லைப் பின்சுவரில் சாய்த்துச் சாய்த்து அடுக்கி வளைகூரை கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் கூட்டிவந்துதான் அவர் தன் வேலையைத் தொடர்ந்தார்.

அந்த நூபியருக்குப் பிறகு என்ன நடந்தது தெரியுமோ? அஸ்வான் உயர் அணைக்காக 1963, 64இல் எகிப்திய நூபியர் சுமார் 50,000 பேர் ஊரைவிட்டு எழுப்பப்பட்டு, அரசு கட்டிய வரிசை வீடுகளில் குடியேற்றப்பட்டார்கள். கொத்தனை ஊரிலிருந்து எழுப்பினால் அவனுடைய மண், அவனுடைய வாடிக்கை, பக்கத்தில் நின்று பழகும் பொடியன் எல்லாம் அறுந்துவிடும். அகதி வாழ்க்கையில் நாங்கள் இழந்ததைக் கணக்கெடுக்கும்போது உயிர், காணி, நகை, பத்திரம் என்று எழுதுகிறோம். கைப்பழக்கத்தை எந்தப் படிவத்திலும் எழுதுவதில்லை.

ஆனாலும் அந்த நூபிய வித்தை சாகவில்லை. தமிழ்நாட்டில் ஆரோவில்லில் 1989இல் தொடங்கிய மண் கட்டட நிலையம் அதை இன்றும் கற்றுக்கொடுக்கிறது. மண்ணோடு சிறிதளவு சீமெந்து கலந்து இயந்திரத்தில் அழுத்திச் சுடாமலே கல் செய்வதும் அங்கே முக்கிய வேலை. செங்கல் சூளைக்கு விறகு எரிக்கத் தேவையில்லை. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்திலும் மண்கட்டுமானம் பற்றி நல்ல ஆராய்ச்சிகள் நடந்திருக்கின்றன. ஆக, மண் என்பது பழங்கதை இல்லை.

*

இனி எங்கள் கதை.

2008 செப்ரெம்பரில் மல்லாவி விழுந்தது. சித்தி குடும்பமும் அப்புவும் சனத்தோடு சனமாகக் கிழக்கே நடந்தார்கள். 2010இல் முகாமிலிருந்து விடுபட்டுச் சித்தி திரும்பி வந்தபோது கூரை இல்லை. கூரையில்லாத மண்சுவர் இரண்டு மாரியைத் தாங்காது. முழங்கால் உயரத்துக்குக் குட்டிச்சுவர், அப்பு வைத்த குந்து, இவ்வளவுதான் மிச்சம். அப்பு திரும்பி வரவில்லை.

அந்தக் காலத்தில் இந்திய அரசின் 50,000 வீட்டுத்திட்டம் வந்தது. புது வீட்டுக்கு 550,000 ரூபா, 550 சதுர அடி. வீடில்லாமல் கிடந்த சனத்துக்கு அது பெரிய உதவி, அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் காசு காணாமல் பலர் கடன்பட்டார்கள். சித்திக்கும் காணவில்லை. தொலைபேசி எடுத்தார்.

"அப்பு இருந்திருந்தால் குசினியையாவது மண்ணாலை எழுப்பியிருப்பன் தம்பி. காசும் மிச்சம். இப்ப ஒருத்தருக்கும் தெரியாது."

நான் சொன்ன பதிலை எழுத வெட்கமாக இருக்கிறது. "என்ன சித்தி கதைக்கிறியள்? நாங்கள் அமெரிக்காவிலை இருக்க நீங்கள் மண்வீட்டிலை இருக்கிறதோ? சனம் என்ன சொல்லும்? காசு அனுப்புறன், குசினியையும் சீமெந்திலை கட்டுங்கோ."

அனுப்பினேன், கட்டினார். மிச்சமிருந்த அப்புவின் குந்தை உடைத்து அத்திவாரத்துக்குள் போட்டு நிரப்பினார்களாம். இப்போது கோடையில் மத்தியானம் வீட்டுக்குள் இருக்கமுடியாமல் சித்தி வெளியே கிடுகுக் கொட்டிலில் படுக்கிறார்.

சில வருடம் கழித்து, வடக்குக் கிழக்கில் 65,000 உருக்குப் பொருத்து வீடுகள் கட்டும் திட்டம் வந்தது. ஒன்றுக்கு இருபது இலட்சத்துக்கு மேல். 'எங்கள் வெக்கைக்குப் பொருந்தாது, விரித்துக் கட்டமுடியாது, ஊர் மேசனுக்கும் ஓடாவிக்கும் வேலையில்லை' என்று பலர் எதிர்த்தார்கள். அந்த 65,000 உருக்கு வீடுகள் எழும்பவில்லை. நானும் இங்கிருந்து ஆவேசமாகக் கதைத்தவன்தான். கதைத்துவிட்டுப் படுக்கும்போது மனம் கேட்டது: நீ மட்டும் என்ன செய்தாய்? ஊர்க்கைக்கு வேலை கொடுத்தாயா? அரசாங்கம் உருக்கால் செய்யப்போனதை நீ உன் கௌரவத்தால் செய்தாய்.

போருக்குப் பிறகு ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு ஹபிடாற் நிறுவனம் வன்னியிலும் மட்டக்களப்பிலும் அழுத்திய மண்கற்களால் வீடுகள் கட்டிக் கொடுத்திருக்கிறது. அப்படிக் கட்டலாம் என்பதற்கு அது சாட்சி. எல்லாரும் மண்வீட்டுக்குத் திரும்புங்கோ என்று குளிரூட்டிய வீட்டில் இருந்து நான் புத்தி சொல்லவில்லை. சித்திக்குப் பலமான வீடு வேண்டும், அது அவருடைய உரிமை. ஆனால் ஒரு குசினி, ஒரு வாசிகசாலை, ஒரு பாடசாலைக் கொட்டில்... ஊருக்குக் காசு அனுப்புகிற எங்களுடைய சங்கங்கள் வருசத்துக்கு ஒன்றை மண்ணால் கட்டச் சொல்லலாமே. கோவில் கோபுரத்துக்கு அனுப்புகிறதில் ஒரு துளி காணும். தெரிந்த கிழவருக்கு மேசனுக்குரிய முழுக்கூலி, பக்கத்தில் இரண்டு பொடியன்களுக்கும் கூலி, மெழுகுகிற பெண்களுக்கும் கூலி. படம் பிடித்து வைப்பதைவிட இது மேல். மண் குழைக்கிற சத்தம் எப்போது மாறுகிறது என்பதை எந்தப் படமும் காட்டாது.

கிராஃப்ற்ஸ்மன் ஃபாம்ஸில் ஸ்ரிக்லி என்ற பெயர் எங்கும் இருக்கிறது. அப்புவின் பெயரை இவ்வளவு காலத்தில் நான் கேட்டதே இல்லை. சித்தியிடம் கேட்டேன், அவருக்கும் தெரியாது. "அப்பு எண்டுதானே கூப்பிட்டனாங்கள்" என்றார். எங்களுக்கு மூன்று அறை வீடு கட்டித் தந்த மனிதர். கூலியாக அம்மா கொடுத்தது கொஞ்ச நெல்லும் ஒரு சாரமும்.

உங்கள் ஊரிலும் ஒரு அப்பு இருந்திருப்பார். மண்சுவர் வைத்தவர், சுண்ணாம்பு சுட்டவர், கூரை வேய்ந்தவர். இருந்தால் இன்றே தொலைபேசி எடுத்து முதலில் பெயரைக் கேளுங்கள். இரண்டாவதாக, தம்பிமாருக்குச் சொல்லிக்கொடுக்க என்ன கூலி வேண்டும் என்று கேளுங்கள்.

மகளுக்குப் பதில் சொன்னேன். போன ஞாயிறு பின்வளவில் மண் தோண்டி, நனைத்து, உருட்டி, இடுப்பு உயரத்தில் இருந்து போட்டோம். பார்சிப்பனி மண் தட்டையாக நசிந்தது.

"களி கூடிப்போச்சு" என்றேன்.

"அப்ப மணல் போடுவம்" என்றாள்.